கவர்னரின் வெள்ளை

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பெண்ணைவிட மாப்பிள்ளையின் அப்பாவைப் படம் எடுப்பதுதான் பாடு என்பார்கள். புது வேட்டி, புதுச் சட்டை, இரண்டும் கண்ணைக் கூசும் வெள்ளை. முகமோ செம்பனைத் தோட்டத்து வெயில் பல வருடம் தின்ற முகம். வேட்டிக்குக் கணக்குப் பார்த்து வெளிச்சம் வைத்தால் முகம் இருட்டுக்குள் போய்விடும். முகத்துக்கு வைத்தால் வேட்டி வெந்துபோய், மடிப்பு, கரை எதுவும் தெரியாது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி இதற்கு உதவாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்ளும். வெள்ளையைக் காட்டினால் "வெளிச்சம் அதிகம்" என்று பயந்து மூடிக்கொள்ளும். ஃபிலிம் காலத்தில் எங்கள் ஸ்டூடியோவை நடத்திய என் அப்பா இருட்டறையில் பெரிதாக்கும் கருவிக்கு அடியில் விரல்களை ஆட்டி ஆட்டி முகத்துக்குப் போகும் ஒளியைச் சில நொடிகள் தடுப்பார்; முகம் கொஞ்சம் வெளுக்கும். பிறகு ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக வேட்டிக்கு மட்டும் கூடுதலாக ஒளி காட்டுவார். மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இன்று எல்லாம் கணினியில் நடக்கிறது. ஆனால் தலைவலி அதேதான்.

இந்தத் தலைவலியைத் தொழிலாகக் கொண்டவள் என்பதால், சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாமின் உருவப்படத்தின் முன்னால் நின்றபோது நான் முதலில் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல. தலையில் இருந்து கால்வரை வெள்ளை. அந்த வெள்ளையை வரைந்தவர் எப்படிச் சமாளித்தார் என்பதே என் கேள்வி. கூட வந்த அக்கா மகள் வேறு கூடங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து, "சின்னம்மா, இன்னும் இங்கேயேவா நிற்கிறீர்கள்? அவர் ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள்.

படத்தை வரைந்தவர் ஜான் சிங்கர் சார்ஜென்ட். 1856-இல் அமெரிக்கப் பெற்றோருக்கு ஃபுளோரன்ஸில் பிறந்து, பாரிஸில் படித்து, லண்டனில் கடை விரித்தவர். கடை என்று சொல்வதில் தவறில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபுக்களும் பணக்காரர்களும் அவர் முன்னால் நிற்க வரிசையில் காத்திருந்தார்கள். சிற்பி ரோடான் 1902-இல் அவரை "நம் காலத்து வான் டைக்" என்றார்; வான் டைக் பதினேழாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற அரசவை ஓவியர். ஸ்வெட்டன்ஹாமின் படம் 1904-இல் வரையப்பட்டது. சிங்கப்பூரின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் மாட்டுவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதே ஆளை, அதே உடையில், கால்கள் முழுதும் தெரியாதபடி இன்னொரு படமாகவும் சார்ஜென்ட் வரைந்தார்; அது லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்வெட்டன்ஹாம் யார் என்பதை எங்கள் பக்கத்தில், மலேசியாவில், விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1871-இல் இருபது வயதுப் பையனாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாய் படித்தார். பேராக்கில் பிரிட்டிஷார் காலூன்ற வழிவிட்ட 1874 பங்கோர் ஒப்பந்தத்தில் அவர் கையும் உண்டு. 1882-இல் சிலாங்கூர் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சி நடத்தும் பிரிட்டிஷ் அதிகாரி. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் வந்தது அவர் காலத்தில். 1889-இல் எங்கள் பேராக்குக்கு ரெசிடென்ட். 1896-இல் நான்கு மாநிலங்களைச் சேர்த்துக் கூட்டரசு ஆக்கியபோது முதல் ரெசிடென்ட் ஜெனரல். 1901 முதல் 1904 வரை நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) கவர்னர். கிள்ளான் துறைமுகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். எங்கள் பாட்டி கப்பல் கதை சொல்லும்போதெல்லாம் அந்தத் துறைமுகத்தின் பெயர் வரும். அது ஒரு மனிதனின் பெயர் என்று பாட்டிக்குக் கடைசிவரை தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு லண்டனில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் கம்பெனிகளின் நிர்வாகத்திலும் இருந்தார். ஆக, எங்கள் ஊர் எப்படி இந்த ஊர் ஆனது என்ற கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரை எனக்குப் பிடிக்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. படம் மட்டும் பிடித்திருக்கிறது.

இனி வெள்ளைக்கு வருகிறேன்.

சார்ஜென்ட் மலாயாவுக்கு வந்ததே இல்லை. வெப்ப நாட்டுச் சீருடையை லண்டன் ஸ்டூடியோவின் வெளிச்சத்தில் நிறுத்தி வரைந்திருக்கிறார். எங்கள் ஊர் வெயிலில் அந்த உடையோடு ஒருவர் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: வெளிச்சம் தலைக்கு மேலிருந்து நேரே விழும், கண்குழியில் கருநிழல் தேங்கும், சட்டை ஒரே வெண்பரப்பாக எரியும். படத்தில் அந்த வெயில் இல்லை. ஒரு பக்கமிருந்து வரும் மெத்தென்ற ஒளி, பின்னால் ஆழ்ந்த இருட்டு. கறுப்புத் திரைக்கு முன்னால் வெள்ளை ஆடையை நிறுத்தினால் வெள்ளைக்கு விளிம்பு கிடைக்கும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் விளிம்பு கிடைத்தால் மட்டும் போதாது. உள்ளே மடிப்பு வேண்டும், முழங்கை வேண்டும், மார்பு முன்னால் வர வேண்டும், இடுப்பு பின்னால் போக வேண்டும். எல்லாவற்றையும் வெள்ளைக்கு உள்ளேயே செய்தாக வேண்டும்.

தள்ளி நின்று பார்த்தால் கஞ்சி போட்டு இஸ்திரி மடித்த உடை. கிட்டே போங்கள், காவலாளி முகம் சுளிக்காத அளவுக்கு. உடை மறைந்துவிடுகிறது. சாம்பல், நீலம் கலந்த சாம்பல், பாலாடை நிறம், அங்கங்கே பழுப்பு. கை மடங்கும் இடத்தில் தூரிகை ஒரே இழுப்பில் போயிருக்கிறது, திரும்பித் தடவவே இல்லை. அந்த ஒற்றை இழுப்பை இரண்டடி பின்னால் வந்து பார்த்தால் கஞ்சி விறைப்போடு மடங்கிய துணி. தூய வெள்ளை என்று சொல்லத்தக்க நிறத்தைத் தேடினேன். மடிப்பின் முதுகில் கொஞ்சம், விளிம்பில் கொஞ்சம், அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்று என் கண்ணுக்குப் பட்டது. வெள்ளையாகத் தெரிகிற ஆளில் வெள்ளை வர்ணம் மிகக் குறைவு.

இது சார்ஜென்டின் குருவிடம் இருந்து வந்த பாடம். பாரிஸில் கரோலுஸ் தியுரான் என்பவரிடம் அவர் படித்தார். முதலில் நுணுக்கமாகக் கோடு போட்டு, பிறகு வர்ணம் நிரப்புவதுதான் அந்தக் காலத்துக் கலைப்பள்ளிகளின் வழக்கம். கரோலுஸ் தியுரான் அதை ஒதுக்கிவிட்டு, தூரிகையால் நேரடியாக வர்ணத்திலேயே உருவத்தைக் கட்டச் சொன்னார். நடுத்தர நிறத்தைச் சரியாகக் கண்டுபிடி, அதிலிருந்து இருட்டுக்குப் போ, உச்ச வெளிச்சத்தைக் கடைசியில் கொஞ்சமாக வை என்பதே அவர் முறை. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸைப் படி, ஓயாமல் படி என்று மாணவர்களை விரட்டுவார். சார்ஜென்ட் 1879-இல் மாட்ரிட் போய் வெலாஸ்கெஸின் படங்களைப் பார்த்து நகல் எடுத்தார். அடுத்த வருடம் மொராக்கோ பயணத்திலிருந்து பிறந்த படம் ஒன்று இருக்கிறது: வெள்ளை உடையில் ஒரு பெண், வெள்ளைச் சுவருக்கு முன்னால், அம்பர் என்ற திமிங்கில வாசனைப் பொருளின் புகையைத் தன் முக்காட்டுக்குள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெள்ளைக்கு மேல் வெள்ளை. அந்தப் பரீட்சையை இருபத்துநான்கு வயதிலேயே எழுதி முடித்துவிட்டவருக்குக் கவர்னரின் சீருடை பெரிய விஷயமாக இருந்திருக்காது.

இந்த இடத்தில் "இந்த வெள்ளையைத் துவைத்த கை யாருடையது?" என்று நான் எழுதுவேன் என எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எழுதினால் பகிர்வுகளும் குவியும். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க இந்தப் படம் தேவையில்லை. துரையின் சாதாரணப் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தாலும் கேட்கலாம். வரைந்தவர் என்ன செய்தார் என்று பார்க்கும் பொறுமை வேண்டாமா?

அவர் செய்த பெரிய வேலை நிற்கும் முறையில் இருக்கிறது. ஒரு கை இடுப்பில். இன்னொரு கை பக்கத்தில் உள்ள பொன்முலாம் நாற்காலியின்மேல் சாய்ந்திருக்கிறது. உடல் ஒரு பக்கமாகச் சற்றுத் திரும்பியிருக்கிறது. இடுப்பில் வைத்த கை என்ன செய்கிறது தெரியுமா? உடம்புக்கும் கைக்கும் நடுவே ஒரு முக்கோண இருட்டை வெட்டி எடுக்கிறது. அந்த இருட்டுத்தான் இடுப்பைக் குறுகலாகவும் தோளை அகலமாகவும் காட்டுகிறது. கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அதே மனிதர் வெள்ளைத் தூணாகிவிடுவார். ஆண்களை இப்படி நிறுத்துவது வான் டைக் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசவையில் நிலைநாட்டிய வழக்கம். முழங்கையைப் பார்ப்பவரை நோக்கித் தள்ளி, "இது என் இடம்" என்று வாயைத் திறக்காமல் சொல்லும் முறை. அதோடு நம் கண்மட்டம். படத்துக்கு முன்னால் நிற்கும்போது நாம் அவரைச் சற்றுக் கீழிருந்து பார்ப்பதுபோல் அமைந்திருக்கிறது. படமோ ஆளைவிட உயரம், இரண்டரை மீட்டருக்கும் மேல். அதை மண்டபச் சுவரில் உயர்த்தி மாட்டும்போது இந்தக் கணக்கு இன்னும் கூடும்.

கண்மட்டத்தைத் தாழ்த்துவது அப்பாவுக்கும் கைவந்த கலை. குள்ளமான ஆள் வந்தால் கேமராக் காலைக் குட்டையாக்கி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். "ஐயா, இடுப்பில் கையை வையுங்கள். இல்லை, இல்லை, சண்டைக்குப் போவதுபோல் வேண்டாம். சும்மா மறந்துபோய் வைத்ததுபோல்" என்பார். அவர் வான் டைக் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஈப்போ ஸ்டூடியோக்காரருக்கும் தெரிந்திருக்காது. ஐரோப்பிய ஓவியத்தில் இருந்து ஐரோப்பியப் புகைப்பட ஸ்டூடியோவுக்கு, அங்கிருந்து இந்திய, சீன ஸ்டூடியோக்களுக்கு, அங்கிருந்து எங்கள் கடைக்கு என்று அந்த இடுப்புக் கை யாரும் முத்திரை குத்தாமல் கடல் தாண்டி வந்துவிட்டது.

அண்மையில் ஒரு குடும்பத்தார் பழுதுபார்க்கச் சொல்லிக் கொண்டுவந்த படம் என் மேசையில் கிடக்கிறது. பூஞ்சை அரித்த அட்டை. நடுவே அவர்களுடைய கொள்ளுத்தாத்தா, கங்காணி. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, வேட்டி, தலைப்பாகை, காலில் பளபளவென்று ஷூ. ஒரு கை இடுப்பில், மற்றது செதுக்கு வேலை செய்த நாற்காலியின் முதுகில். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய ஒரு தூண், ஒரு தோட்டம். உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து பெரிதாக்கியபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. கோட்டுத் தோள் அவருடைய தோளைவிட அகலம். துணி முதுகுப் பக்கமாக இழுபடுகிறது, பின்னால் ஊசி குத்தி இறுக்கியிருக்கிறார்கள். ஷூ இரவல், நாடாவைக் கட்டவே இல்லை, கால் அதற்குள் போகாமல் குதிகால் பின்பக்கம் ஏறி நிற்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவிலேயே ஒரு கோட்டும் ஒரு ஜோடி ஷூவும் இருக்கும். எங்கள் கடையிலும் இருந்தன. ஒரே ஷூவைப் போட்டுக்கொண்டு இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் படத்தில் நிற்கிறார்கள் என்று தேடினால் ஒரு லயமே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடே, தேறும்.

இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. சார்ஜென்டும் ஸ்டூடியோ நாற்காலிகளையும் சுவர்ப் பலகைகளையும் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்தான். பெரிய வீட்டுப் பெண்கள் பலர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் தங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததுபோல் தோன்றினார்கள்.

இப்போது ஸ்வெட்டன்ஹாமைச் சுற்றி இருக்கும் பொருள்களைப் பாருங்கள். பொன் நாற்காலி. அதன்மேல் சரிந்து விழும் மலாய்ச் சரிகைத் துணி. அவர் மலாய்த் துணிகளையும் வெள்ளிப் பொருள்களையும் சேர்த்து வைத்தவர். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பூகோள உருண்டை. உருண்டை முழுதாகத் தெரிவதில்லை, ஒரு பகுதி மட்டும் தெரிகிறது. முழு உருண்டையைக் காட்டியிருந்தால் பள்ளிக்கூட மேசைமேல் இருக்கும் சாமான் ஆகியிருக்கும். வெட்டிக் காட்டியதால் எவ்வளவு பெரியது என்று தெரியாத ஒன்று இருட்டில் மின்னுகிறது. மார்பில் விருதின் நட்சத்திரம். சரிகைத் துணியில் ஓர் இழைகூடத் தனியாக வரையப்படவில்லை. கனமான வர்ணத் தீற்றல்கள், அவற்றின்மேல் ஈரமாக வைத்த ஒளித்துளிகள். நெசவு தெரிந்தவர் அதைப் பார்த்து எந்த ஊர்த் துணி என்று சொல்லிவிட முடியாது. விலையுயர்ந்த துணி என்று மட்டும் சொல்லலாம். சார்ஜென்டுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. வெதுவெதுப்பான நிறமுள்ள ஒரு பரப்பு குளிர்ந்த வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டும். வெள்ளை இன்னும் வெளுக்கும். மலாயா இந்தப் படத்துக்குள் வந்திருப்பது அந்த வேலைக்குத்தான்.

எதற்கு இவ்வளவு சாமான்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் அதே ஓவியரின் இன்னொரு படம் நினைவுக்கு வந்தது. ரிபில்ஸ்டேல் பிரபுவின் படம், 1902, லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ளது. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் நின்ற கோலம். உயரமும் ஏறக்குறைய அதே. நீண்ட கறுப்புக் கோட்டு, உயரத் தொப்பி, வெளிர்நிறக் கால்சட்டை, சவாரி பூட்ஸ், கையில் சாட்டை. அவருக்குப் பின்னால் வெறும் பலகைச் சுவரும் தட்டையான தூணும். நாற்காலி இல்லை, துணி இல்லை, உருண்டை இல்லை, நட்சத்திரமும் இல்லை. அவர் அரண்மனைப் பதவிகள் வகித்தவர். சீருடையில் நின்றிருக்கலாம். வேட்டைக்குப் போகிற சொந்த உடையில் நிற்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். கட்டைவிரலால் ஸ்வெட்டன்ஹாமின் தலையை மறையுங்கள். படம் குலையவில்லை. வெள்ளை உடம்பு, இடுப்புக் கை, நட்சத்திரம், நாற்காலி ஆகியவை சேர்ந்து ஆட்சியை நடத்திக்கொண்டிருக்கின்றன. அதே கழுத்துக்குமேல் அடுத்த கவர்னரின் தலையை வைத்தாலும் ஒத்துப்போகும். இப்போது தலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறையுங்கள். பெரிய மீசை வைத்த, ஐம்பத்து நான்கு வயது மனிதர் ஒருவர் இருக்கிறார். கூர்மையான ஆள்தான். ஆனால் வங்கி மேலாளர் என்றாலும் நம்பலாம். ரிபில்ஸ்டேலுக்கு இது நடக்கவில்லை. உடம்பை மறைத்தாலும் அந்த முகம், கீழே பார்க்கும் அந்தக் கண், பிரபுவாகவே இருக்கிறது. தலையை மறைத்தாலோ குதிரைக்காரன் ஒருவனின் உடம்பு மிஞ்சுகிறது.

பிறப்பால் வந்த இடத்துக்கு ஓவியர் சாமான்களைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறார். பதவியால் வந்த இடத்துக்குச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். ஸ்வெட்டன்ஹாம் பரம்பரைப் பிரபு அல்லர். உழைத்து, சண்டை போட்டு, எழுதி, ஏறி வந்தவர். 1904-இல் பதவியை விட்டும் இறங்கிவிட்டார். இறங்கிய மனிதரைப் பதவியோடு சேர்த்து நிற்க வைக்க வேண்டும் என்பதுதான் ஓவியருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதனால்தான் வெள்ளைக்கு அவ்வளவு பரப்பு. அதனால்தான் முகத்துக்கு அவ்வளவு கொஞ்சம்.

அப்பா இதை வேறு விதமாகச் சொல்வார். தோட்டத்துப் பெரிய துரையின் குடும்பம் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை, அவர்களுக்கு ஈப்போவும் பினாங்கும் இருந்தன. கடைக்கு வந்தவர்கள் கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்), தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், புதிதாகத் தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஆனவர்கள். "பதவி நேற்று வந்தவருக்கு நாற்காலியும் பூச்சாடியும் புத்தகமும் வேண்டும். வந்து பத்து வருடம் ஆனவர் நாற்காலி போதும் என்பார். ஓய்வு பெற்று வருகிறவர் மறுபடியும் எல்லாவற்றையும் கேட்பார்" என்பது அவர் கணக்கு. கடைசி வாக்கியத்தைக் கேட்டு அன்று சிரித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற வருடத்தில் ஸ்வெட்டன்ஹாமுக்குப் பின்னால் நிற்கும் அந்த உருண்டையைப் பார்த்தபோது அப்பாவின் கணக்கு எவ்வளவு சரி என்று தோன்றியது.

முகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அநியாயம். உருவப்படம் என்பது வாயில் ஏதோ கோளாறு உள்ள படம் என்று சார்ஜென்ட் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எங்கள் கடையில் இந்த வாக்கியத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம். "எல்லாம் நன்றாக இருக்கிறது அக்கா, வாய் மட்டும் என்னுடையது மாதிரி இல்லை" என்று சொல்லாத வாடிக்கையாளர் அபூர்வம். ஸ்வெட்டன்ஹாமின் மீசை சார்ஜென்டை இந்தத் தொல்லையிலிருந்து காப்பாற்றிவிட்டது. வாய் அதற்குள் போய்விட்டது. உடையில் அநாயாசமாக ஓடிய தூரிகை முகத்துக்கு வந்ததும் அடங்கி, நெருங்கி, பூசி வேலை செய்திருக்கிறது. நல்ல வேலைதான். ஆனால் கை அங்கே சந்தோஷமாக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1907 வாக்கில் சார்ஜென்ட் உருவப்படத் தொழிலைக் கிட்டத்தட்டக் கைவிட்டு, நிலக்காட்சிகளுக்கும் நீர்வண்ணத்துக்கும் போய்விட்டார். முகங்கள் சலித்துவிட்டன என்றால் எனக்கு ஆச்சரியம் இல்லை. பாஸ்போர்ட் படம் எடுப்பவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சிங்கப்பூர்ப் படம், லண்டன் படம் இரண்டில் எது மேல் என்று கேட்டால் லண்டன் படத்தைத்தான் சொல்வேன், அச்சில் மட்டும் பார்த்திருந்தாலும். சுமார் 1.7 மீட்டர் உயரம். கால்கள் வெட்டுப்பட்டதும் அவர் நிற்கும் மேடை போய்விடுகிறது. முழு உருவத்தில் காலணியும் தரையும் தெரியும்போது "இதோ கவர்னர் நிற்கிறார், பாருங்கள்" என்ற நாடகத்தன்மை வருகிறது. மண்டபத்துக்கு அது தேவைதான். குட்டைப் படத்தில் வெள்ளை உடம்பு சட்டத்தின் அடியோடு முட்டி நிற்கிறது. நாம் தூரத்துப் பார்வையாளர்கள் இல்லை, அவருடைய அறைக்கே அழைக்கப்பட்டுவிட்டோம். நாற்காலியும் துணியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகின்றன. உயரத்தோடு ஒப்பிட்டால் அகலம் கூடுதல் என்பதால் இடுப்புக் கைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. எங்கே வெட்டுவது என்பது எங்கள் தொழிலில் பாதி. மணிக்கட்டில் வெட்டாதே, முழங்காலில் வெட்டாதே, மூட்டு இருக்கும் இடத்தில் கத்தி வைத்தால் ஆள் முடமாகத் தெரிவான் என்று கற்றுக்கொடுப்பார்கள். சார்ஜென்ட் இடம் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்.

அந்தக் கங்காணிப் படத்தையும் அப்படி வெட்டித் தரவா என்று குடும்பத்தாரைக் கேட்டேன். கால் பக்கம்தான் பூஞ்சை அதிகம். முழங்காலுக்குச் சற்று மேலே நிறுத்தினால் பழுதும் போகும், இரவல் ஷூவும் போகும், ஆளும் கம்பீரமாக நிற்பார். கொள்ளுப்பேரனுக்குச் சம்மதம். அவருடைய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம் தங்கச்சி. ஷூ போட்டுப் படம் எடுத்தேன் என்று என் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். ஷூ இருக்கட்டும்" என்றார். ஆகவே இந்த வாரம் முழுக்க ஷூவுக்குத்தான் வேலை. நாடா கட்டாததை அப்படியே விட்டுவிடப் போகிறேன்.

இந்த வட்டாரத்தில், கோலகங்சார் வரைக்கும், இப்படி இடுப்பில் கை வைத்து நிற்கும் தாத்தாக்களின் படங்கள் உங்கள் வீட்டுச் சுவரிலோ இரும்புப் பெட்டியிலோ இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள், நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறேன். அதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்து வைக்காதீர்கள். பூஞ்சையோடு படத்தின் மேல்பூச்சும் சேர்ந்து வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிரிக்கவே வேண்டாம், சட்டத்தோடு தூக்கி வாருங்கள்.